எறும்பு தொடாத சக்கரை

ஜூன் 1, சனி

என் மகள் சிந்துஜாவுக்கு அவள் வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அரிசி மூட்டைமேல் கிடந்தது. "எழுதுங்ப்பா, பொழுது போகும்" என்கிறாள். எனக்கென்ன பொழுதுக்குப் பஞ்சமா? இருந்தாலும் இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

கம்பெனி ஆய்வகத்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். உள்ளே வெள்ளைத் தூள். சுக்ரலோஸ் என்று பெயராம். சக்கரையைவிட அறுநூறு மடங்கு தித்திப்பு. கடையில் விற்பதில் வேறு மாவு கலந்திருக்கும், இது கலப்பில்லாத சாம்பிள் என்றாள். ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து, தூளில் லேசாகத் தொட்டு, என் காப்பியில் கலக்கினாள். குடித்தேன். தித்தித்தது. கடைசியில் நாக்கில் ஏதோ ஒரு ருசி ஒட்டிக்கொண்டு நின்றது, அதைச் சொன்னால் முகம் வாடுவாளே என்று சொல்லவில்லை.

"இதுல கலோரியே இல்லீங்ப்பா. முக்கால்வாசி உடம்புல சேராது, அப்படியே வெளிய போயிரும். உங்களுக்கு சுகர் ஏறாது" என்றாள். "இதைச் செய்யறதும் சக்கரையிலிருந்துதான்" என்று வேறு சொன்னாள். முப்பது வருஷம் சக்கரை ஆலை எடைமேடையில் கரும்பு வண்டிகளை நிறுத்தி நிறுத்தி எடை போட்டவன் நான், சென்னியப்பன். என்னிடமே ஒரு குச்சி நுனியைக் காட்டி இதுதான் இனி உனக்கு என்றால் எப்படி இருக்கும்?

"நானே போட்டுக்கறேன், குடு" என்று கேட்டேன். "உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்ப்பா, கொஞ்சம் அதிகமாத் தொட்டாலும் வாயில வெக்க முடியாது. நானே போட்டுத் தர்றேன்" என்றாள். சரி, போடட்டும்.

சாயங்காலம் என் அக்கா நாகரத்தினம் போன் செய்தாள். சிந்துஜாவுக்கு ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறாள். பையன் பெயர் லோகப்பிரகாஷ், தாராபுரம். பேக்கிங் மெஷின் கம்பெனியில் எஞ்சினியர். தென்னந்தோப்பு இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் பூனாவுக்கு மாற்றலாகிப் போவானாம்.

ஜூன் 2, ஞாயிறு

எங்கள் ஊர் கோபியிலிருந்து பூனா எவ்வளவு தூரம் என்று பேப்பர்காரரிடம் கேட்டேன். சும்மா, பொது அறிவுக்காக.

ஜூன் 5, புதன்

ஜாதகம் பொருந்திவிட்டது. சனி மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிறாராம். பரிகாரம் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் நாச்சிமுத்து. பெண்ணைப் பெற்றவன் தன் கையால், சனிக்கிழமை காலையில், பிள்ளையார் கோயில் வன்னி மரத்தடியில் எறும்புக்கு அஸ்கா, அதாவது வெள்ளைச் சக்கரை, வைக்க வேண்டும். எறும்பு எடுத்துப் போனால் தோஷமும் கூடவே போய்விடும். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து எடுக்க வேண்டும்.

பையனின் அம்மா சௌந்தரம் ஒரு படி மேலே போய்விட்டார். எறும்பு தின்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். ஆடி பிறப்பதற்குள் முடிந்தால் உப்புச்சக்கரை மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம். எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொள்வதுதான். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.

"என்றா தம்பி, சத்தத்தைக் காணோம்?" என்றாள் அக்கா. டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

முதல் சனிக்கிழமை. சமையலறை சக்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கரண்டி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் எங்கிருந்துதான் வந்தனவோ, வரிசை வரிசையாக எறும்பு. பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி மொய்த்துக்கொண்டன. அக்கா வீடியோ எடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடனே தாராபுரத்துக்கு அனுப்பினாள்.

சிந்துஜா நாள் பூரா ஏதோ பாட்டை முனகிக்கொண்டே திரிந்தாள். மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு விநோதம். காப்பி போடும்போது சிந்துஜா அந்தத் தூளைக் கொஞ்சம் மேடையில் சிந்திவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஜன்னலோரம் போன எறும்பு வரிசை தூளுக்குப் பக்கத்தில் வந்து, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்திலேயே துளி அஸ்கா வைத்தேன். அதற்கு ஓடி வந்தன.

சாயங்காலம் சிந்துஜாவிடம் கேட்டேன். "எறும்புக்கு அது சாப்பாடே இல்லீங்ப்பா. நம்ம நாக்கை ஏமாத்தும், எறும்பை ஏமாத்த முடியாது" என்றாள். பிறகு சந்தேகமாகப் பார்த்து, "எதுக்குங்ப்பா கேக்கறீங்க?" என்றாள். பொது அறிவு என்றேன்.

ஜூன் 13, வியாழன்

கடைவீதிக்குப் போனேன். எங்கள் வீட்டு சக்கரை டப்பா மாதிரியே அச்சு அசலாக ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. வாங்கி வந்தேன். வீட்டுக்கு எதற்காவது ஆகும். அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பாட்டிலில் தூள் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஈரக்காற்றில் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

கண்ணாடியை மறந்துவிட்டேன். கைக்குக் கிடைத்த டப்பாவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வயசானவன், என்ன செய்ய?

வன்னி மரத்தடியில் ஒரு கரண்டி வைத்தேன். எறும்பு வந்தது. பார்த்தது. போய்விட்டது. அக்கா செல்போனைப் பிடித்தபடியே குத்தவைத்திருந்தாள், முட்டி வலிக்க ஆரம்பித்ததும் எழுந்தாள். "ஐயோ சாமி, இதென்ன சோதனை! போன வாரம் அந்தத் தின்னு தின்னுதே!" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். சோகமாகத்தான்.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். அதே கத்தரிக்காய்தான்.

ஜூன் 16, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து சௌந்தரம் பேசினார். "மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்கண்ணா. எதுக்கும் இன்னொரு சனிக்கெழமை வெச்சுப் பாருங்க" என்றார். குரலில் அப்படியொன்றும் வருத்தம் தெரியவில்லை. கெட்டிக்கார அம்மா, வருத்தத்தை அடக்கிக்கொள்கிறார்.

ஜூன் 18, செவ்வாய்

நாச்சிமுத்து ஜோசியர் நேரில் வீட்டைப் பார்க்க வந்தார். மூலை மூலையாகத் திசைகாட்டி வைத்துப் பார்த்தார். அரிசி மூட்டைப் பக்கம் போய் நின்று, "இங்கதான் ஏதோ தடை இருக்குது" என்றார். இந்த ஆளுக்கு உண்மையிலேயே ஏதோ தெரியும் போலிருக்கிறதே!

அவசரமாகக் காப்பி போட உள்ளே போனேன். சிந்துஜா ஆபீசில். குச்சியைத் தேட நேரமில்லாமல் பாட்டிலிலிருந்து கரண்டியில் எடுத்துப் போட்டேன். அரைக் கரண்டிதான். மனுஷன் ஒரு மடக்கு குடித்தார். அப்படியே நின்றார். "சக்கரை கொஞ்சம்..." என்றார். "போதலீங்களா?" என்று எழுந்தேன். கும்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "பச்சைத் தண்ணி கூட இனிக்குதுங்க" என்றார். மூலையை மறந்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஜூன் 20, வியாழன்

இந்தத் தூளில் கடலை உருண்டை பிடித்தால் என்ன என்று தோன்றியது. தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன், வைத்தேன், வைத்துக்கொண்டே இருந்தேன். பாகு என்ற பேச்சே இல்லை. கம்பி இழுக்கவில்லை, நிறம் மாறவில்லை. கடைசியில் தித்திக்கும் வெந்நீரும் வெறும் கடலையும் மிச்சம். தித்திப்பு மட்டும் இருந்து என்ன பிரயோஜனம், பிடித்து நிறுத்த உடம்பு வேண்டாமா? கரும்பைக் குறை சொல்கிறவர்கள் இந்தப் பாத்திரத்தை வந்து பார்க்கட்டும்.

சிந்துஜா பாத்திரத்தைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அடுப்பை அணைச்சுட்டு வாங்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான்கு நாளாக ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். பாட்டும் நின்றுவிட்டது.

ஜூன் 22, சனி

இன்றும் கண்ணாடி மறந்துவிட்டது.

எறும்பு இன்றும் தொடவில்லை. அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அஸ்காவுல ஏதாச்சும் கலப்படம் இருக்குமாடா?" என்று டப்பாவைப் பிடுங்கினாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண் இரண்டும் அகலமாக விரிந்தது.

"என்றா இது, நெம்பத் தித்திப்பா இருக்குது!"

"புது மூட்டைக்கா."

"இம்புட்டுத் தித்திப்பான சக்கரையையே எறும்பு தொடலைன்னா..." என்று நெஞ்சில் கையை வைத்தாள். "அப்ப இது சனீஸ்வரனேதான்டா தம்பி."

நானாக இருந்திருந்தால் இவ்வளவு நல்ல முடிவுக்கு வந்திருக்க மாட்டேன். வீடியோவோடு அக்காவின் குரலும் தாராபுரம் போனது. சௌந்தரம் பதில் அனுப்பினார்: அடுத்த சனிதான் கடைசி. அன்றைக்கும் தொடாவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

ஜூன் 25, செவ்வாய்

சாயங்காலம் மாடியில் காயப்போட்ட வேட்டியை எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் சிந்துஜா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எறும்பு திங்கலைன்னா நான் என்ன பண்ணட்டும் பிரகாஷ்? ஒவ்வொண்ணாப் புடிச்சு ஊட்டவா முடியும்? நீங்க எங்க கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்ததுல இருந்து ரெண்டு வருஷம். நம்மளே சொன்னா அப்பா சங்கடப்படுவாருன்னு, அத்தையக் கெஞ்சி அவங்க பாத்த வரன் மாதிரி கொண்டு வரச் சொன்னேன். கடைசில எறும்புகிட்ட வந்து நிக்குது."

அப்புறம் அவள் அழுதாள். அவள் அம்மா போன அன்றைக்கும் என் முன்னால் அடக்கிக்கொண்டு, இதே தொட்டி மறைவில் வந்துதான் அழுதாள்.

வேட்டியை எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். மாடியில் ஒரே தூசி. கண்ணில் விழுந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

காப்பி ஆறிப்போனது. குடிக்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நாளைக்கு நல்ல சக்கரைதான். சமையலறை அலமாரியில் இருக்கும் டப்பாவைத்தான் எடுக்கப் போகிறேன். கண்ணாடியைச் சட்டைப்பையில் இப்போதே வைத்துவிட்டேன். பிள்ளையாரே, உனக்கு ஒரு தேங்காய்.

ஜூன் 29, சனி

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, தேங்காயும் உடைத்துவிட்டு, வன்னி மரத்தடியில் ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டியாகக் கொட்டினேன். எறும்பு வந்தது. மீசையை ஆட்டியது. சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அடடா, உண்மையிலேயே சனி பிடித்துவிட்டதா? "திங்குங்க சாமிகளா, இது நல்ல சக்கரை, சத்தியமா நல்ல சக்கரை" என்று எறும்புகளிடம் கெஞ்சினேன். அக்கா அழுதுகொண்டே வீடியோவை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்போது சிந்துஜா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. மரத்தடியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"எந்த டப்பாங்ப்பா எடுத்தீங்க?"

"அலமாரியில இருந்தது."

"அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருந்ததை எடுக்கலையா?"

புதன்கிழமை வீடு பெருக்கும்போது அந்தப் புது டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாளாம். தொட்டு நாக்கில் வைத்தவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நேராக என்னிடம் கேட்க மனசு வரவில்லை. நான் எப்படியும் மூட்டைக்குப் பின்னால் இருப்பதைத்தான் எடுப்பேன் என்று, நல்ல சக்கரை டப்பாவை அங்கே வைத்துவிட்டு, தூள் டப்பாவை அலமாரிக்கு மாற்றியிருக்கிறாள். நான் ஒருநாள் யோக்கியனாக இருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏனுங்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

ஆயிரம் காரணம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அந்தக் குச்சியில எம்புட்டுத் தொடோணும்னு எனக்குத் தெரியாது கண்ணு."

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள். வீடு வரைக்கும் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. எனக்கு அவள் போய்விடுவாளே என்று பயமாக இருந்தது. அதுதான் காரணம், சனியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. எழுதிவிட்டேன்.

மத்தியானம் தாராபுரத்திலிருந்து ஒரு வரி வந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 30, ஞாயிறு

முதல் பஸ்ஸில் தாராபுரம் போனேன். மஞ்சப்பையில் இரண்டு டப்பாவும். யாரிடமும் சொல்லவில்லை.

சௌந்தரம் என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனார். "அவரு தோப்புல இருக்காருங்கண்ணா, வரச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வாசலில் எறும்பு போகிற இடமாகப் பார்த்து இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் எறும்பு மொய்த்தது. இன்னொரு பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"இது சக்கரை. அது சக்கரையே இல்லீங்க. என்ற புள்ளை எனக்காகக் கொண்டாந்த மருந்துச் சக்கரை. நான்தான் மாத்தி மாத்தி வெச்சேன். புள்ளையப் பூனாவுக்கு அனுப்ப மனசு வல்லீங்க. தப்பு எம் பேர்லதான். ஜாதகத்துப் பேர்லயும் இல்லை, புள்ளை பேர்லயும் இல்லை."

அந்த அம்மா எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் என்னை வெளியே போகச் சொல்வார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்தேவிட்டார்.

"ஜோசியரை எறும்புக்குச் சக்கரை வெக்கச் சொல்லச் சொன்னதே நான்தானுங்கண்ணா!"

எனக்கு விளங்கவில்லை.

"இருக்கறது ஒத்தைப் பையன். கல்யாணம் முடிஞ்சு அவனும் பூனாவுக்குப் போயிட்டா இந்த வீட்டுல யாருகிட்டப் பேசறது? இவரு தேங்காயோடதான் பேசுவாரு. பொண்ணு வேண்டாம்னு சொல்ல வாய் வல்லீங்க, தங்கமான புள்ளை. மூணு சனிக்கெழமையில ஒருநாள் மழை பேஞ்சுதுன்னா எறும்பு வராது, தட்டிக் கழிச்சரலாம்னு பாத்தேன். நீங்க என்னடான்னா, மழையே இல்லாமப் பண்ணீட்டீங்க!"

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் சும்மா எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது, "பையன் மூணு நாளாச் சரியாச் சாப்புடறதில்லீங்கண்ணா" என்றார். "எங்க வீட்டுலயும் ஒரு தோசைதானுங்க" என்றேன். ஆடிக்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாள் என்று முடிவானது. ஜோசியரைக் கேட்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

சிந்துஜா பேசினாள். "பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைச்சுதாங்ப்பா?" என்றாள். கிடைத்தது என்றேன். மூன்று தோசை சாப்பிட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

உப்புச்சக்கரை முடிந்தது. வீடு கொள்ளாத ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம். லோகப்பிரகாஷ் நல்ல உயரம், என்னைப் பார்த்தால் உடனே எழுந்து நிற்கிறான். உட்காரச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

சபையில் சக்கரைத் தட்டை வைத்ததும் சௌந்தரம் எல்லோர் முன்னாலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் போட்டார். எறும்பு வரும்வரை என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தது. "இப்ப மாத்திக்கலாமுங்க" என்றார். என்ன பக்தி பாருங்கள் என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவாள்.

நாச்சிமுத்து ஜோசியரும் வந்திருந்தார். காப்பி வேண்டாம் என்று இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டார்.

எல்லோரும் போனபின் சிந்துஜா ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். சொட்டு சொட்டாக விழுகிற மூடி. அந்தத் தூளையே தண்ணீரில் அளவாகக் கரைத்து வைத்திருக்கிறாள். மேலே கொட்டை கொட்டையாக எழுதி ஒட்டியிருந்தாள்: ஒரு டம்ளருக்கு இரண்டு சொட்டு.

"இனிக் குச்சியெல்லாம் வேண்டாங்ப்பா. நீங்களே போட்டுக்கலாம். தீரத் தீர அங்கிருந்து கரைச்சு அனுப்பறேன்" என்றாள். போட்டுக் காட்டச் சொன்னாள். இரண்டே சொட்டு, சரியாக விழுந்தது. காப்பியும் சரியாக இருந்தது. அத்தனை பெரிய எழுத்தை நம்மூர்ப் பஸ் போர்டில்கூட நான் பார்த்ததில்லை, கண்ணாடி இல்லாமலே படித்துவிடலாம்.

கல்யாணம் ஆவணியில். நாளைக்குக் காலையில் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணைக் கசக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுக்கப் போகிறேன். ஆவணி வரைக்கும் எனக்குக் கண் தெரியாது.